ஒரு விரல் கீழே இறங்கி

— அது ஏன் எடுத்த எடுப்புல மேல போகாம, முதல்ல கீழ இறங்கிட்டு அப்புறம் ஏறுது?

— எதுங்க?

— அம்மா கட்டிலைத்தான் சொல்றேன். அந்த இடது பக்கப் பலகை. ஒரு விரல் அளவு கீழ இறங்குது, டிக்னு ஒரு சத்தம், அப்புறம்தான் மெதுவா அம்மாவைத் தூக்கி ஒருக்களிக்க வைக்குது. இத்தனை மாசமா பாக்கறேன், கேக்கணும்னு தோணவே இல்லை பாரு.

— இன்னைக்குத் தோணிடுச்சாக்கும்.

— சும்மாதான் செல்லம். வீட்ல ஒரு இன்ஜினியர் அம்மாவை வச்சுக்கிட்டு நான் தற்குறியா இருக்கலாமா?

— செருப்பைக் கூடக் கழட்டலை. பையைத் தோள்லயே மாட்டிக்கிட்டு நேரா பின் ரூமுக்கு வந்து நிக்கறீங்க. கொஞ்சம் அந்தப் பக்கமா வாங்க. வயரை மிதிக்காதீங்க. சால்டரிங் கம்பி இன்னும் சூடா இருக்கு.

— இதோ, கழட்டியாச்சு. பையையும் வச்சாச்சு. என்ன இது, ரெண்டாவதா ஒரு மோட்டார் முளைச்சிருக்கு?

— வலது பக்கப் பலகைக்கு. அத்தையை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் படுக்க வைக்கணும்ல. இல்லைன்னா முதுகு ஒரே பக்கமா புண்ணாயிடும். அதே லாரி வைப்பர் மோட்டார்தான், பழைய இரும்புக் கடையில கிடைச்சது. ஆனா ரெண்டும் ஒரே வேகத்துல சுத்த மாட்டேங்குது. ஒரே சைஸு, ஒரே கரண்டு. ஒன்னு ஓடுது, இன்னொன்னு இழுத்துக்கிட்டு வருது. சிப்புதான் நடுவுல உக்காந்து ரெண்டையும் சமாதானப்படுத்தணும்.

— புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லு.

— நான் சொல்லலை. நீங்கதான் சொன்னீங்க.

— சரி, அந்த டிக் சத்தம்.

— டீ போடட்டுமா? அத்தை எழுந்ததும் அவங்களுக்கும் போடணும்.

— அப்புறம் குடிக்கலாம். நீ சொல்லு.

— வாசல்படி ஏறும்போதே டீ கேக்கற ஆளு, இன்னைக்கு அப்புறம் குடிக்கலாம்ங்கறீங்க. ஆபீஸ்ல ஏதாவது விசேஷமா?

— என்ன விசேஷம். அதே ஆஸ்பத்திரிக் கட்டில், அதே சக்கர நாற்காலி, அதே வியாபாரம். நாலு இடம் அலைஞ்சேன். கால் வலிக்குது.

— நாலு இடம் அலையறதுக்கா காலையில அந்த நீலச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னீங்க? கல்யாணத்துக்குப் போறதுக்கு மட்டும்தானே அதை எடுப்பீங்க.

— கைக்குக் கிடைச்சதைப் போட்டேன். இதோ பாரு, நான் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன், நீ போலீஸ் மாதிரி என்னை விசாரிக்கறே.

— விசாரிக்கலை. இன்னொரு தடவை கேக்கறேன், அவ்வளவுதான். இன்னைக்கு என்கிட்ட சொல்ற மாதிரி ஒன்னும் நடக்கலையா?

— ஒன்னுமே நடக்கலை.

— சரி. அப்போ நான் சொல்லிடறேன். அது நோயாளிக்கு ஒரு தாலாட்டு மாதிரி.

— என்னது?

— தாலாட்டு. தொட்டிலை ஆட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை நம்ம பக்கமா இழுத்துட்டுதானே விடுவோம். அந்தப் பாசத்தை மெஷினுக்குள்ள கொண்டு வந்திருக்கோம். சரியா சொன்னேனா? கை தட்டினாங்களே எல்லாரும்.

— நீ... நீ அங்க வந்திருந்தியா?

— மெதுவாப் பேசுங்க. அத்தை இப்பத்தான் கண்ணை மூடினாங்க.

— நீ எதுக்கு அங்க வந்தே?

— இன்னைக்கு, மாசா மாசம் அத்தைக்கு மருந்து வாங்கப் போற நாளுதான். நீங்க மறந்துட்டீங்க. எதிர் வீட்டு அக்காவை அத்தைக்குத் துணையா உக்கார வச்சுட்டுப் போனேன். ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல நிக்கும்போது நம்ம பிசியோதெரபி நர்ஸ் வந்து கையைப் பிடிச்சு இழுக்கறாங்க. மாடி ஹால்ல புதுசா ஒரு கட்டில் காட்டறாங்க, உங்க மாமியாருக்கு உபயோகமா இருக்கும், வாங்க வாங்கன்னு. போய்ப் பார்த்தா மேடையில என் கட்டில். பக்கத்துல என் வீட்டுக்காரர். நீலச் சட்டையில ரொம்ப எடுப்பா இருந்தீங்க.

— அது உன் கட்டில் இல்லை. சொல்றதைக் கேளேன். அது ஸ்டீல் பாடி, அந்த மோட்டார் வெளிநாட்டு மோட்டார், பெயின்ட்டே மூணு கோட்டு. நம்ம வீட்டுக் கட்டிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரே மாதிரி யோசிக்கறவங்க உலகத்துல நாலு பேர் இருப்பாங்க, இவங்க கம்பெனியிலயும் ஒருத்தர் யோசிச்சிருக்கார் போலிருக்கு, சாயங்காலம் வந்து ஆசையா சொல்லுவார்னு நினைச்சுக்கிட்டு சந்தோஷமாத்தான் நின்னேன். நீங்க ஸ்விட்ச்சை அமுக்கினீங்க. பலகை ஒரு விரல் கீழ இறங்குச்சு. டிக்னு சத்தம் வந்துச்சு. அப்புறம் ஏறுச்சு.

— அதுல என்ன இருக்கு? நல்ல கட்டில்னா எல்லாமே அப்படி இறங்கித்தான் ஏறும் போல.

— அந்தக் கட்டிலுக்கு அது தேவையே இல்லைங்க. உலகத்துலயே என் ஒருத்தி மோட்டாருக்குத்தான் அந்தக் கோளாறு. அதுக்கு நான் பண்ணின வைத்தியம் அது. சீக்கே இல்லாத ஆளுக்கு யாராவது அந்த மாத்திரையைக் குடுத்தா என்ன அர்த்தம்? மருந்துச் சீட்டைப் பாத்து அப்படியே எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். எதுக்குன்னு தெரியாமலே.

— அது எதுக்குத்தான்னு சொல்லேன்.

— இவ்வளவு பேசியும் உங்க கண்ணு அந்தக் கேள்வி மேலயே இருக்கு பாருங்க.

— இல்லைம்மா, அப்படி இல்லை.

— லேப்டாப் பழசாயிடுச்சு, என்னைக்காவது நின்னு போயிடும், கட்டிலுக்கு நீ எழுதின புரோகிராமை ஒரு காப்பி குடு, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பத்திரமா வைக்கிறேன்னு கேட்டீங்க. பரவாயில்லையே, நம்ம மேல இவ்வளவு அக்கறையான்னு நினைச்சேன். அன்னைக்கு உங்களுக்குப் பிடிச்ச மாதிரி சமைச்சு வச்சேன். ஞாபகம் இருக்கா?

— பத்திரமாத்தான் வச்சிருக்கேன்.

— ஆமா. எட்டு கட்டில்ல வச்சிருக்கீங்க. நர்ஸ் சொன்னாங்க, முதல்ல எட்டு கட்டில் வாங்கறாங்களாம்.

— செல்லம், இங்க வா, உக்காரு. நான் முழுசா சொல்றேன். நீ பாதியைப் பாத்துட்டு முழுசுக்கும் கோவப்படறே.

— கையை விடுங்க. கோவம் வந்தா நான் சத்தம் போட்டிருப்பேன். எனக்கு வேற ஒன்னுதான் தெரியணும். அதைக் கேட்டுடறேன்.

— கேளு.

— இந்த ரூமை முன்னாடி நீங்க என்னன்னு சொல்லுவீங்க?

— என்ன சொன்னேன்?

— குப்பைக் கிடங்கு. பழைய கதவை ரெண்டு டிரம் மேல போட்டு அதுக்கு மேஜைன்னு பேர் வச்சிருக்கா பாருன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிச் சிரிச்சீங்க. நானும் கூடச் சேர்ந்துதான் சிரிச்சேன். திடீர்னு ஒரு நாள் சமையல்கட்டு ஸ்டூலைத் தூக்கிட்டு நீங்களே வந்தீங்க. எனக்கும் சொல்லிக் குடேன்னு பக்கத்துல உக்காந்தீங்க. நான் சால்டர் வைக்க நீங்க டார்ச் பிடிச்சீங்க. சிப்பு எப்படி மோட்டாருக்குச் சொல்லுது, கரண்டை விட்டு விட்டுக் குடுத்தா எப்படி மெதுவா சுத்துதுன்னு ஒன்னொன்னா கேட்டீங்க. அதுக்கப்புறம் தினமும் வந்தீங்க.

— ஆசையாத்தான் கேட்டேன்.

— ஒரு நாள் நான் அடுப்பைப் பாக்கப் போன நேரத்துல, மோட்டாரை நேரா சிப்போட மாட்டிட்டீங்க. புகை வந்துச்சு. திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னீங்க. சிப்பு வெறும் மூளைதாங்க, அதுக்குக் கையில பலம் கிடையாது, நடுவுல ஒரு டிரைவர் போர்டு வச்சாத்தான் மோட்டாரை இழுக்கும்னு சொல்றதுக்குள்ள சிரிப்பு தாங்கலை எனக்கு. அந்த எரிஞ்ச சிப்பை நான் தூக்கிப் போடலை. டப்பாவுல வச்சிருக்கேன். என் புருஷன் என் வேலையைத் தொட்ட முதல் நாள்னு.

— அது எனக்குத் தெரியாது.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அந்தக் கதையை இன்னைக்கு மேடையில சொன்னீங்க. ஆரம்பத்துல நானே ஒரு சிப்பை எரிச்சிருக்கேன், அங்கிருந்துதான் கத்துக்கிட்டேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நர்ஸ் கூட சிரிச்சாங்க. பலகை நோயாளி மூச்சு விடற வேகத்துலதான் ஏறும், அதனால தூக்கம் கலையாதுன்னீங்களே, அது நான் யாருக்குச் சொன்ன வார்த்தை? அத்தை நெஞ்சு மேல கையை வச்சு, அந்த மூச்சுக்கு மோட்டாரைச் சேர்த்துப் பிடிக்க எனக்கு எத்தனை நாள் ஆச்சு? உங்ககிட்ட மட்டும் சொன்னேன். இந்த ஸ்டூல்ல உக்காந்து கேட்டீங்க.

— நல்லா இருந்துச்சு, அதனால சொன்னேன்.

— அந்தச் சாயங்காலமெல்லாம் எனக்காக உக்காந்தீங்களா, அந்த மேடைக்காக உக்காந்தீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

— இது என்ன கேள்வி. ரெண்டுக்கும்தான்.

— எது முதல்ல?

— அதை எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

— போதும். சொல்ல வேணாம்.

— இதோ பாரு, நான் கெட்ட எண்ணத்துல பண்ணலை. அம்மா கட்டிலைப் போன்ல படம் எடுத்து சும்மா ஆபீஸ்ல காட்டினேன். எங்க கம்பெனி மேடம் பாத்துட்டு, இது என்ன புதுசா இருக்கேன்னாங்க. இதை எப்படிப் பண்றதுன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொன்னேன். அப்படியே ஒன்னு மேல ஒன்னா போயிடுச்சு.

— என் பேரைச் சொல்ல அதுல ஒரு இடம் கூட வரலையா?

— யோசிச்சுப் பாரேன். வீட்ல இருக்கற ஒரு பொம்பளை, பழைய கதவு மேல வச்சு, லாரி வைப்பர்ல பண்ணினதுன்னு சொன்னா எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? எங்க மேடம் அந்த நிமிஷமே தூக்கிக் குப்பையில போட்டிருப்பாங்க. கம்பெனி ஆள் பண்ணினதுன்னாதான் மரியாதை. உன் பேரு வந்தா என்ன, என் பேரு வந்தா என்ன, வர்றது நம்ம வீட்டுக்குத்தானே.

— ரெண்டும் ஒன்னுன்னா என் பேரையே போட்டிருக்கலாமே.

— உனக்குப் புரியலை. அவங்க உலகம் அப்படி.

— உங்களுக்கு இன்னொன்னு தெரியணும். ஹால்ல ஒரு கேள்வி வந்துச்சே. ஏன் சார் முதல்ல கீழ இறங்குதுன்னு.

— ஆமா, அந்த நர்ஸ். எங்க இருந்துதான் அந்தம்மாவுக்கு அப்படி ஒரு கண்ணு. அதுக்கப்புறம் பெரிய டாக்டரும் அதையே பிடிச்சுக்கிட்டார். காரணம் தெரியாத மெஷினை நோயாளி முதுகுக்குக் கீழ வைக்க மாட்டேன்னுட்டார். நாளைக்குக் காலையில பதில் சொல்லணும். இல்லைன்னா எட்டு கட்டில் ஆர்டரும் போயிடும். உண்மையைச் சொல்லிடறேன், நான் அதுக்குத்தான் ஓடி வந்தேன்.

— நர்ஸ் காதுல சொன்னது நான்தான்.

— நீயா?

— நான்தான். கூட்டத்துல என் குரல் எழும்பலை. அவங்க காதுல சொன்னேன், அவங்க சத்தமா கேட்டாங்க.

— என்னை மாட்டி விடவா? அத்தனை பேர் முன்னாடி?

— மாட்டி விடணும்னா மேடைக்கே வந்திருப்பேன். உங்களுக்கு ஒரு கதவைத் திறந்து விட்டேன். அதுக்கு உங்களுக்குப் பதில் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்றேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அவ்வளவு பெரிய ஹால்ல கடைசி வரிசையில இருந்து நடந்து வந்து உங்க பக்கத்துல நின்னு பதிலைச் சொல்லியிருப்பேன். மத்ததையெல்லாம் மறந்தும் போயிருப்பேன். நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சீங்க. நான் மருந்துப் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இப்போ சொல்லுவார், இப்போ சொல்லுவார்னு நிக்கறேன். நீங்க தாலாட்டுன்னீங்க.

— அந்த இடத்துல என்ன பேசறதுன்னு எனக்கே தெரியலைம்மா. நாக்கு என்னவோ சொல்லிடுச்சு.

— சரி, மேடையில நாக்கு சொல்லிடுச்சு. இங்க வந்து என் முன்னாடி நின்னீங்களே. நான் ரெண்டு தடவை கேட்டேன். ஒன்னுமே நடக்கலைன்னு சொன்னதும் நாக்குதானா?

— தப்புதான். விடு. எனக்கு சம்பளம் கூடும், அம்மாவுக்கு ஒரு ஆளு வச்சுக்கலாம், நீ கொஞ்சம் மூச்சு விடலாம்னு கணக்குப் போட்டேன்.

— நான் எதுல மூச்சு விடணும்னு நினைச்சேன்னு உங்களுக்குத் தெரியாதா? வேலைக்குப் போகணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். போன இடத்துலயெல்லாம் ஒரே கேள்வி. படிச்சீங்க, சரி, நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்கன்னு. மாமியாரைப் பாத்துக்கிட்டேன்னு சொன்னா, பாவம்னு ஒரு பார்வை பாத்துட்டு அனுப்பிடறாங்க. அப்புறம்தான் இந்தக் கட்டில் வந்துச்சு. இதோ, இதைத்தான் பண்ணினேன்னு தூக்கிக் காட்ட எனக்கு ஒன்னு கிடைச்சுச்சு. அந்தத் தண்ணி பம்ப் தொழிற்சாலையில அடுத்த வாரம் இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்காங்களே, அங்க இதைத்தான் கொண்டு போறதா இருந்தேன்.

— கொண்டு போயேன். யார் வேணாம்னது?

— கொண்டு போய்? இது இன்னார் கம்பெனிக் கட்டில்ல இருக்கறதாச்சே, எங்க இருந்தும்மா திருடினீங்கன்னு கேப்பாங்க. நான் பெத்த பிள்ளையை நானே கடத்திட்டு வந்த மாதிரி நிக்கணும். இது புரியுதா உங்களுக்கு? நீங்க எடுத்தது புரோகிராமை இல்லை. அந்த நடுவுல இத்தனை வருஷம் இருக்கே, அதுக்கு இருந்த ஒரே பதிலை எடுத்துட்டீங்க.

— இப்படியெல்லாம் நான் யோசிக்கலை.

— உங்க கம்பெனியிலயே கேட்டுப் பாருங்கன்னு உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். கேட்டேன், இத்தனை வருஷம் வீட்ல இருந்தவங்களை எடுக்க மாட்டாங்களாம்னு வந்து சொன்னீங்க. அன்னைக்கு நான் அழுதேன். நீங்கதான் தலையைத் தடவிக் குடுத்தீங்க.

— அவங்க அப்படித்தான்... அவங்க அப்படித்தான் சொன்னாங்க. இப்போ அது எதுக்கு?

— சரி, அது வேணாம். போனை எடுங்க.

— எதுக்கு?

— உங்க மேடத்துக்குப் போடுங்க. இது என் வீட்டுக்காரி பண்ணினதுன்னு சொல்லுங்க. சொன்ன மறு நிமிஷம் அந்த டிக் சத்தத்துக்குக் காரணத்தை நான் சொல்றேன். நாளைக்கு நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம், நான் குறுக்க வர மாட்டேன். எட்டு கட்டிலும் வித்துக்குங்க. எனக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் போதும்.

— நாளைக்கு நேர்ல சொல்றேன். இதெல்லாம் போன்ல பேசற விஷயமா?

— தாலாட்டை நூறு பேர் முன்னாடி சொல்ல முடிஞ்சுதுல்ல. இதை ஒருத்தர்கிட்ட சொல்லுங்க.

— அவங்க இந்த நேரத்துல வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாங்க.

— எடுக்கலைன்னா விட்டுடலாம்.

— என் வேலையே போயிடும்டி. இத்தனை நாளா பொய் சொன்னியான்னு கேட்டா நான் எங்க போய் நிக்கறது?

— இங்க வந்து நில்லுங்க. சோறு போடறேன். நான் ஒரு நாளும் உங்களை வெளியில நிக்க வச்சதில்லை.

— செல்லம், கால்ல வேணா விழறேன். இந்த ஒன்னை மட்டும் விட்டுடு. வேற என்ன கேட்டாலும் சரி. புது லேப்டாப் வாங்கித் தரேன். இந்த ரூமுக்கு நல்ல மேஜையாப் போட்டுத் தரேன்.

— ஏன் போனைப் பின்னால மறைக்கறீங்க? திட்டுவாங்க, அவ்வளவுதானே. நான் பக்கத்துலயே இருக்கேன். போடுங்க.

— சரி. போடறேன். நான் வாசல்ல போய்ப் பேசிட்டு வரேன்.

— இங்கயே பேசுங்க. ஸ்பீக்கர்ல.

— ஸ்பீக்கர் வேணாம், அம்மா எழுந்துடுவாங்க.

— கதவைச் சாத்திட்டேன்.

— ரிங் போகுது. எடுக்கலை பாரு. நான்தான் சொன்னேனே, வண்டியில இருப்பாங்கன்னு. வச்சுடறேன்.

— ஹலோ, சொல்லுங்க தம்பி. உங்க போனுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.

— மேடம், வணக்கம் மேடம். பிஸியா இருப்பீங்க. நான் அப்புறமா பேசட்டுமா?

— அப்புறம் என்ன அப்புறம். பெரிய டாக்டர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். வீட்ல கேட்டீங்களா? அந்தக் கீழ இறங்கற விஷயத்துக்கு உங்க மிஸஸ் என்ன சொன்னாங்க?

— மேடம், அது வந்து...

— ஏங்க. இவங்களுக்குத் தெரியுமா? நான் பண்ணினதுன்னு இவங்களுக்குத் தெரியுமா?

— நீ சும்மா இரு. மேடம், இங்க சிக்னல் சரியில்லை.

— நீங்க சொல்லியிருக்கீங்களா? முதல்லயே சொல்லிட்டீங்களா? அட கடவுளே, இதை வந்த உடனே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு என்னென்னவோ பேசிட்டேனே. ஏங்க, என்னைப் பாருங்க. எதுக்கு இப்போ தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

— யாரு தம்பி அது, பக்கத்துல? உங்க மிஸஸா?

— மேடம், நான்தான் பேசறேன். இவரோட வீட்டுக்காரி.

— அம்மா, நீங்களா? உங்க குரலைக் கேக்கறதே பெரிய விஷயமா இருக்கே. உங்களுக்கு வெளி ஆளுங்ககிட்ட பேசறதே பிடிக்காதுன்னு தம்பி சொல்லியிருந்தார். அதனாலதான் நான் தொந்தரவு பண்ணலை.

— எனக்கா? பேசப் பிடிக்காதா?

— போனைக் குடு. நான் பேசிக்கறேன். குடுன்னு சொல்றேன்ல.

— தம்பி, ஒரு நிமிஷம் இருங்க, அவங்களே சொல்லட்டும். பாருங்கம்மா, இங்க எங்க ஆளுங்க மூணு பேரு மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. உங்க புரோகிராம்ல அந்த ஒரு இடத்தை எடுத்துடலாமா, எடுத்தா ஏதாவது ஆயிடுமான்னு யாருக்கும் தைரியம் வரலை. அது எதுக்கும்மா?

— எடுத்துடலாம் மேடம். உங்க கட்டிலுக்கு அது வேண்டாம். நான் வாங்கினது பழைய வைப்பர் மோட்டார். தான் எவ்வளவு தூரம் சுத்தியிருக்கோம்னு அதுக்கே தெரியாது. அத்தை உடம்பு பாரத்துல பலகை நின்ன இடத்துல இருந்து கொஞ்சம் நகர்ந்துடும். அதனால ஒவ்வொரு தடவையும் முதல்ல கீழ போய் அங்க இருக்கற ஸ்விட்ச்சைத் தொடச் சொன்னேன். இருட்டுல எழுந்தா நாம முதல்ல சுவரைத் தொட்டுப் பாத்துட்டுதானே நடப்போம், அந்த மாதிரி. சுவர் இங்க இருக்குன்னு தெரிஞ்ச அப்புறம்தான் எண்ண ஆரம்பிக்கும். உங்க மோட்டார்ல சுத்தறதை எண்ணற சக்கரம் உள்ளயே இருக்கு. அதுக்குக் கண்ணு இருக்கு மேடம். அது சுவரைத் தொட வேண்டாம்.

— ஆகா. இவ்வளவுதானா? இதை ஒரு பச்சைக் குழந்தைக்குக் கூடப் புரியற மாதிரி சொல்லிட்டீங்களே.

— டாக்டருக்கு நானே வந்து சொல்லட்டுமா மேடம்? நாளைக்குக் காலையில வர முடியும். அத்தையைப் பாத்துக்க எதிர் வீட்டு அக்கா வருவாங்க.

— நீங்க வர்றீங்களா? நீங்களாவே?

— வரேன் மேடம். எனக்கு வரணும்னு ஆசை.

— எனக்கு ஒன்னும் புரியலையேம்மா. டிசைன் ரூம்ல உங்களுக்குன்னு ஒரு இடத்தை வச்சுக்கிட்டு, வேலைக்கு வாங்க, உங்க பேரையே கட்டில்ல போடறோம்னு தம்பிகிட்ட மூணு தடவை சொல்லி அனுப்பினேன். மாமியாரை விட்டுட்டு எங்கயும் வர மாட்டேன், எனக்கு வேலையும் வேணாம், பேரும் வேணாம்னு மூணு தடவையும் சொல்லி அனுப்பினது நீங்கதானேம்மா?